ஜாக்கி இருந்தால் போதுமா, ஜாக்கிரதை வேண்டாமா?

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். கணக்குப் பாடத்தில் புலி. எதையும் அளந்து பார்த்துத்தான் செய்வார். கத்தரிக்காய் வாங்கினாலும் தராசைப் பார்த்துவிட்டுத்தான் பையை நீட்டுவார். அப்பேர்ப்பட்டவர் வீட்டு வாசலிலிருந்து சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் "தடால்" என்று ஒரு சத்தம் கேட்டது. கையிலிருந்த பத்திரிகையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அவருடைய சிறிய கார் முன்பக்கம் இடது மூலையில் மண்டியிட்டாற்போல் சாய்ந்து கிடந்தது. சக்கரம் கழற்றிச் சுவரோரம் சாத்தப்பட்டிருந்தது. பிரேக் தட்டு சிமெண்டுத் தரையைக் குத்திப் பெயர்த்திருந்தது. ஜாக்கி இரண்டடி தள்ளிக் கிடந்தது. ஆசிரியர் கையில் ஸ்பானருடன், முகம் வெளிறி நின்றுகொண்டிருந்தார்.

"ஒன்றும் ஆகவில்லை, தம்பி. ஜாக்கி கொஞ்சம் சறுக்கிவிட்டது. அவ்வளவுதான்" என்றார்.

"அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள், சார்?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. அவர் மனைவிதான் சொன்னார்: "எண்ணெய் எங்கே ஒழுகுகிறதென்று அடியில் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பி ஆறிப்போகிறது என்று நான் கூப்பிட்டேன். எழுந்து வந்தார். இரண்டு வாய்கூடக் குடிக்கவில்லை."

ஒரு டம்ளர் காப்பி அன்றைக்கு ஓர் உயிரைக் காப்பாற்றியது. எல்லா வீட்டிலும் அந்த நேரத்துக்குக் காப்பி தயாராக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவேதான் இந்த விஷயத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

இப்போது நம் ஊர்களில் வீட்டுக்கு ஒரு கார் என்று வந்துவிட்டது. கார் வந்ததும் அதைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசையும் வருகிறது. நல்ல ஆசைதான், நான் குறை சொல்லமாட்டேன். சக்கரத்தை இடம் மாற்றிப் போடலாம், பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம், அடியில் துருப் பிடித்திருந்தால் கண்டுபிடிக்கலாம். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முதலில் காரைத் தூக்க வேண்டும். காரை ஓட்டுவதற்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, பரீட்சை இருக்கிறது, லைசென்சு இருக்கிறது. ஒரு டன் கனமுள்ள அதே காரைத் தூக்கி நிறுத்துவதற்கு மட்டும் ஒரு பாடமும் இல்லை. ஜாக்கியைக் கையில் கொடுத்துவிட்டால் எல்லோரும் நிபுணர்கள்.

இரும்புக் கிண்ணமும் தகட்டு விளிம்பும்

ஆசிரியர் உபயோகித்தது காருடன் வந்த ஜாக்கி அல்ல. அது கத்தரிபோல் விரியும் திருகு ஜாக்கி, டிக்கியிலேயே இருந்தது. மாப்பிள்ளை பரிசாக வாங்கிக் கொடுத்த, சக்கரம் வைத்த எண்ணெய் ஜாக்கியைத்தான் அவர் எடுத்தார். தள்ளிக்கொண்டு போய் அடியில் வைத்துப் பிடியை நாலு தரம் அழுத்தினால் கார் எழும்பிவிடும். திரவத்தின் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று பிரெஞ்சு மேதை பாஸ்கல் 17-ம் நூற்றாண்டில் கண்டதையும், அதை வைத்து 1795-ல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா அழுத்த யந்திரம் செய்து உரிமை பெற்றதையும் ஆசிரியர் எனக்கே சொல்லிக் கொடுப்பார். ஜாக்கியின் தத்துவம் அவருக்குத் தெரியும். காரின் அடிப்பாகம்தான் தெரியாது.

இக்காலத்துக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு லாரியில் இருப்பது போன்ற தனி இரும்புச் சட்டம் கிடையாது. தகடுகளை மடித்து, ஒன்றோடொன்று ஒட்டி, முழு உடம்பையும் ஒரே கூடாக்கி விடுகிறார்கள். கதவுக்குக் கீழே குனிந்து பார்த்தால், நீளவாட்டில் ஒரு விளிம்பு தொங்குவது தெரியும். இரண்டு மூன்று தகடுகளின் ஓரங்களைச் சேர்த்துப் புள்ளிப் புள்ளியாகப் பற்றவைத்த விளிம்பு அது. முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் அந்த விளிம்பில் இரண்டு சிறு வெட்டுக் குறிகள் இருக்கும். சில கார்களில் அம்புக் குறியும் உண்டு. அந்த இரண்டு வெட்டுகளுக்கும் நடுவில்தான் உள்ளே கூடுதல் தகடு வைத்துப் பலப்படுத்தியிருக்கிறார்கள். கார் தன் பாரத்தைத் தரச் சம்மதிக்கும் இடம் அதுதான். ஒரு சாண் இப்படியோ அப்படியோ போனால் சம்மதிக்காது.

காருடன் வரும் ஜாக்கியின் தலையைப் பாருங்கள். நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். விளிம்பு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கிக்கொள்ள, பாரம் இரு பக்கத்துத் தோள்களிலும் உட்காருகிறது. அந்த ஜாக்கிக்கு வேறு மெத்தை தேவையில்லை. கடையில் வாங்கும் எண்ணெய் ஜாக்கியின் தலையோ தட்டையான இரும்புக் கிண்ணம். அதன் ஓரத்தில் பற்கள் வேறு. அதை வெறுமனே விளிம்புக்கு அடியில் வைத்து அழுத்தினால், ஒரு மூலையின் முழுப் பாரமும் விரல் கனம்கூட இல்லாத தகட்டின் முனையில் ஏறுகிறது. தகடு என்ன செய்யும்? மடங்கும். ஆசிரியரின் காரில் அந்த விளிம்பு எண்ணெய்ச் சட்டியில் போட்ட அப்பளத்தின் ஓரம்போல் சுருண்டிருந்தது. மடங்கிய விளிம்பு சரிவாகிவிடுகிறது. இரும்பின்மேல் இரும்பு வழுக்குகிறது. கார் ஒரு பக்கம், ஜாக்கி ஒரு பக்கம்.

கீழே விழாவிட்டாலும் நஷ்டம் இல்லாமல் இல்லை. விளிம்பு நசுங்கினால் அங்கே பூசியிருக்கும் சாயமும் காப்புப் பூச்சும் வெடிக்கும். வெடிப்பில் நீர் புகும். சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மழைக்காலம் போனால் அந்த இடத்தில் துரு தின்றிருக்கும். பக்கவாட்டில் வேறொரு வண்டி வந்து மோதும்போது உள்ளே இருப்பவர்களைக் காக்கும் உறுப்புகளில் அந்த அடிச்சட்டமும் ஒன்று என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

சில நூறு ரூபாய் ரப்பர்

இதற்குப் பரிகாரம் ஒரு ரப்பர் வில்லை. ஜாக்கி பேடு என்று கேட்டால் கடைக்காரர்கள் கொடுப்பார்கள். சில நூறு ரூபாய்தான் விலை. வட்டமாக, உள்ளங்கை அளவில், நடுவில் பள்ளம் வெட்டியிருக்கும். ஜாக்கியின் கிண்ணத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். விளிம்பு அதன் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

எதையோ ஒரு ரப்பரை வாங்கிவிட்டால் காரியம் முடிந்ததென்று நினைக்கக் கூடாது. பள்ளம் ஆழம் போதாமல் இருந்தால் விளிம்பின் முனை அடியில் இடித்துக்கொண்டு, பழைய கதையேதான் நடக்கும். பள்ளம் அகலமாக இருந்தாலோ விளிம்பு உள்ளே ஆடும். வில்லை கிண்ணத்தைவிடப் பெரிதாக இருந்தால் பற்களின்மேல் சவாரி செய்யும். மிகச் சிறிதாக இருந்தால் உள்ளே நகரும். அழுக்கு அழிக்கும் ரப்பரைப் போல மெத்தென்று இருப்பது பாரம் ஏறியதும் பிதுங்கிப் பிளந்துவிடும். நகத்தால் அழுத்தினால் லேசாகக் குழிந்து உடனே எழும்பும் அளவுக்கு இறுக்கமாக இருப்பது உத்தமம். வாங்கப் போகும்போது விளிம்பின் உயரத்தையும் கிண்ணத்தின் விட்டத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் அளந்து எடுத்துக்கொண்டு போங்கள். ரவிக்கைத் துணிக்கு மாதிரித் துண்டு கொண்டுபோகிறோமே, அதுபோலத்தான்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். பனித்தரையில் ஆடும் ஹாக்கிக்கு அவர்கள் பந்துக்குப் பதில் கெட்டி ரப்பர் வில்லை உபயோகிக்கிறார்கள். 3 அங்குல விட்டம், 1 அங்குலக் கனம். அதில் வாளால் ஒரு பள்ளம் அறுத்து ஜாக்கியின்மேல் வைத்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் அந்த வில்லைக்கு எங்கே போவது? நம்மவர்கள் பழைய டயரை வெட்டி வைக்கிறார்கள். டயர் துண்டு வளைந்தது. உள்ளே எஃகுக் கம்பி இருக்கும். பாரம் ஏறும்போது ஊஞ்சல் ஆடும். மரக் கட்டை வைப்பவர்களும் உண்டு. வைரம் பாய்ந்த அகலமான கட்டையானால் ஒருவாறு தாங்கும். ஆனால் நாரின் போக்கில் பிளந்துவிட்டால் அது எச்சரிக்கை கொடுத்துவிட்டுப் பிளக்காது.

முட்டுக்கட்டை என்றால் வசைச்சொல் அல்ல

பேச்சுவழக்கில் நாம் முட்டுக்கட்டை போடுகிறவரைத் திட்டுகிறோம். தேரோட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர் இல்லாவிட்டால் தேர் எந்த வீட்டுக்குள் போய் நிற்கும் என்று! திருவாரூர் ஆழித்தேர் போன்ற பெரிய தேரின் சக்கரத்தருகே ஓடிக்கொண்டே, சரியான நொடியில் கட்டையைச் செருகுகிறவர் கையில்தான் அத்தனை பேருடைய க்ஷேமமும் இருக்கிறது. காருக்கும் அதே கட்டைதான் வேண்டும்.

"கைப் பிரேக் போட்டிருந்தேனே!" என்றார் ஆசிரியர். போட்டிருந்தார். கியரிலும் நிறுத்தியிருந்தார். ஆனால் முன்சக்கரங்கள் இழுக்கும் காரில் ஒரு முன்சக்கரம் தரையைவிட்டு எழும்பிவிட்டால் கியரின் பிடி வீண். அச்சில் உள்ள டிபரென்ஷியல், தூக்கிய சக்கரத்தை ஒரு பக்கம் சுற்றவிட்டு, தரையில் இருக்கும் சக்கரத்தை மறு பக்கம் உருளவிட்டுவிடும். பிறகு மிஞ்சுவது பின்சக்கரத்தைப் பிடிக்கும் கைப் பிரேக்தான். அதன் கம்பி தளர்ந்து எத்தனை காலமோ! பின்சக்கரங்கள் இரண்டையும் தூக்கினால் அந்தப் பிடியும் போயிற்று. ஆகையால் தூக்குகிற மூலைக்கு எதிர் மூலையில் இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் ஜாக்கியைத் தொடக் கூடாது.

நம் வீடுகளின் அமைப்பையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். தெருவில் மழை நீர் நிற்கும் என்று வீட்டை உயர்த்திக் கட்டுகிறோம். வாசலில் சரிவு போடுகிறோம். அந்தச் சரிவில்தான் கார் நிற்கிறது. ஆசிரியர் தூக்கியதும் அங்கேதான். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் இடத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துப் பாருங்கள். அது உருண்டால் காரும் உருளும். தரையும் கெட்டியாக இருக்க வேண்டும். சக்கரம் வைத்த ஜாக்கியின் கை எழும்பும்போது நேராக எழும்புவதில்லை, வில் போல் வளைந்து எழும்புகிறது. அதற்கு ஈடாக ஜாக்கி தன் சிறு சக்கரங்களில் சற்றே நகர வேண்டும். மணலிலோ, அழுந்தும் பாவு கற்களிலோ, வெயிலில் இளகிய தாரிலோ அந்தச் சக்கரம் புதைந்து நின்றுவிட்டால், ஜாக்கி நகராமல் தலை மட்டும் விளிம்பை இழுத்துக்கொண்டு போகும். மிக நல்ல ரப்பரும் அப்போது கைகொடுக்காது.

சக்கரம் கழற்றுகிறவர்கள் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும் என்பதும், கழற்றிய சக்கரத்தைச் சுவரில் சாத்தாமல் காரின் அடிச்சட்டத்துக்குக் கீழே படுக்கப் போட வேண்டும் என்பதும் பழைய டிரைவர்கள் எல்லோரும் அறிந்தவை. விழுந்தாலும் கார் சக்கரத்தின்மேல் விழும். (மாற்றுச் சக்கரத்துக்கு நாம் சொல்லும் 'ஸ்டெப்னி' என்ற பெயர் ஒரு தெருவின் பெயர். 1904-ல் வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் சகோதரர்கள் செய்து விற்றது அது. அந்தச் சக்கரத்தைப் பஞ்சரான சக்கரத்தின் பக்கத்திலேயே மாட்டிவிடுவார்களாம். கழற்றும் தொல்லையே இல்லை!)

தூக்குவது வேறு, தாங்குவது வேறு

இனி என் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். ஜாக்கி எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், பேடு எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும், அதை மட்டும் நம்பிக் காரின் அடியில் விரலைக்கூட விடக் கூடாது. எண்ணெய் ஜாக்கியின் வலிமையெல்லாம் உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் வளையத்திலும் ஒரு சிறு வால்விலும் இருக்கிறது. வளையம் தேய்ந்தால் இறங்கும். வால்வில் ஒரு மணல் சிக்கினால் இறங்கும். ஓடிவரும் குழந்தை பிடியைத் திருகிவிட்டால் இறங்கும். தூக்கியவுடன் இரும்பு ஸ்டாண்டு வைத்து, பாரத்தை அதன்மேல் இறக்கி, காரைப் பக்கவாட்டில் ஒரு தரம் நன்றாக அசைத்துப் பார்த்த பிறகே அடியில் போகலாம்.

ஸ்டாண்டுக்குப் பதில் செங்கல் அடுக்குகிறவர்களை என்ன சொல்வது! இப்போது செங்கல்லும் போய் ஹாலோ பிளாக் வந்திருக்கிறது. சுவர் தாங்குகிறதே, கார் தாங்காதா என்று கேட்கிறார்கள். சுவரில் பாரம் அதன் முகம் முழுவதும் பரவுகிறது. காரின் பாரம் ஒரே இடத்தில் குத்துகிறது. இரும்பு வளைந்து காட்டும். கல் வளையாது, ஒரே நொடியில் உதிரும்.

ஸ்டாண்டு வைப்பதில் உண்மையான ஒரு சங்கடம் இருக்கிறது. அதை மறைத்து உபதேசம் செய்தால் வாசகர்கள் நம்பமாட்டார்கள். காரைத் தாங்கும் இடம் ஒரு பக்கத்துக்கு இரண்டுதான். அதில் ஜாக்கி உட்கார்ந்திருக்கிறது. அதே இடத்தில் ஸ்டாண்டை எப்படி வைப்பது? ஆசிரியர் இதைத்தான் கேட்டார், நியாயமான கேள்வி. பழைய அம்பாஸடர் காலத்தில் இந்தக் கஷ்டம் இல்லை. பின்பக்கம் முழு இரும்பு அச்சு குறுக்கே ஓடும். அதன் அடியில் ஜாக்கி போட்டுவிட்டு வேறிடத்தில் முட்டுக் கொடுக்கலாம். இப்போதைய கார்களில் சிலவற்றில் முன்பக்கக் குறுக்குச் சட்டத்தின் நடுவில் ஜாக்கி வைக்க அனுமதிக்கிறார்கள். சிலவற்றில் கூடாது என்கிறார்கள். பின்பக்கக் குறுக்கு உத்தரத்தைத் தொடவே கூடாது என்பவர்களும் உண்டு. பார்த்த மாத்திரத்தில் எது பலமுள்ளது, எது வெறும் தகடு என்று கண்டுபிடிக்க முடியாது. உங்கள் காருக்கு எது சரி என்பது அந்தக் காரின் கையேட்டில் இருந்தால் உண்டு. அதில் இல்லாவிட்டால் அடியில் போகும் வேலையைக் கைவிட்டு, தூக்கும் மேடையுள்ள பட்டறைக்குப் போவதே புத்திசாலித்தனம். அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

இங்கேதான் கார் செய்யும் கம்பெனிகளின்மேல் எனக்குக் கோபம் வருகிறது. பத்து லட்சம் ரூபாய்க்குக் கார் விற்கிறார்கள். வாசனைத் திரவியம் தொங்கவிடுகிறார்கள், சாவிக்கு வெல்வெட் பெட்டி கொடுக்கிறார்கள், மாலை போட்டுப் படம் எடுக்கிறார்கள். சில நூறு ரூபாய் ரப்பர் வில்லையைச் சேர்த்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? ஜாக்கி வைக்கும் இடத்தில் மஞ்சள் சாயத்தில் ஒரு பட்டை தீட்டினால் என்ன? நான் புரட்டிப் பார்த்த கையேடுகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழ்நாட்டில் செய்து தமிழ்நாட்டில் விற்கும் காருக்கு, இந்த ஒரு பக்கத்தையாவது தமிழில் அச்சிட்டு டிக்கியின் மூடியில் ஒட்டக் கூடாதா?

2020-ல் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தினார்கள். டியூப் இல்லாத டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், பஞ்சர் ஒட்டும் சாதனமும் இருந்தால் சிறிய கார்களில் ஸ்டெப்னி வேண்டியதில்லை என்று ஆக்கினார்கள். ஸ்டெப்னி இல்லாவிட்டால் ஜாக்கியும் எதற்கு என்று தோன்றும். இனி ஜாக்கி என்பது கடையில் தனியாக வாங்கும் சாமானாகிவிடும். அதாவது, கார் கம்பெனியின் பள்ளம் வெட்டிய தலை போய், வெறும் இரும்புக் கிண்ணமே எங்கும் வரும். பாட்டரிக் கார்களில் கதை இன்னும் மோசம். பெரும்பாலான பாட்டரிக் கார்களில் பாட்டரி தரைக்கு அடியில் பரவிக் கிடக்கிறது. ஜாக்கியைச் சற்று உள்ளே தள்ளி வைத்தால் அது பாட்டரிப் பெட்டியின் வயிற்றில் குத்தும். டெஸ்லா கார்களின் கையேடு பாட்டரிக்கு அடியில் ஜாக்கி வைக்கவே கூடாதென்று எச்சரிக்கிறது. அவற்றில் சில மாடல்களுக்கு ஜாக்கி வைக்கும் இடத்தில் உள்ள வட்டத் துவாரத்தில் பொருந்தும்படி, முளை வைத்த பேடுகளைத் தனியே விற்கிறார்கள்.

"இவ்வளவு தொல்லை எதற்கு? போன் செய்தால் மெக்கானிக் வீட்டுக்கே வருவானே" என்று ஒரு நண்பர் கேட்டார். வருவான். கூடவே ஒரு பையனையும் அழைத்து வருவான். ஒரு ஜாக்கி இருக்கும். பேடு இருக்காது, ஸ்டாண்டு இருக்காது. ஒரு கருங்கல்லைத் தேடி எடுத்து வைத்துவிட்டு, பையனை அடியில் அனுப்புவான். "சீக்கிரம்பா, பத்தரைக்குக் கல்யாணத்துக்குப் போகணும்" என்று நாம் வராந்தாவில் நின்று விரட்டுவோம். ஆசிரியர் வீட்டில் கூப்பிட ஒரு மனைவி இருந்தார். அந்தப் பையனைக் காப்பிக்குக் கூப்பிட யார் இருக்கிறார்கள்? நம் வீட்டில் இரண்டு ஸ்டாண்டும் ஒரு பேடும் நாலு கட்டையும் இருந்தால், வருகிறவனிடம் "இதை வைத்துவிட்டு அப்புறம் போப்பா" என்று சொல்லலாம். கூலியில் பத்து நிமிஷம் கூடும்.

ஆசிரியரின் கார் பட்டறையிலிருந்து திரும்பிவிட்டது. விளிம்பை நிமிர்த்தித் துருக் காப்புப் பூசியிருக்கிறார்கள். நேற்று மாலை அவர் என்னைக் கூப்பிட்டு, புதிதாக வாங்கிய இரண்டு ஸ்டாண்டுகளையும், பள்ளம் வெட்டிய ரப்பர் வில்லையையும் காட்டினார். வேப்ப மரத்தில் தாமே அறுத்த நாலு கட்டைகளும் இருந்தன. ஒவ்வொன்றின் சரிவையும் கோணமானியால் அளந்திருந்தார். "ஒழுகல் எங்கேயென்று இன்னும் தெரியவில்லை, தம்பி. ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாமா?" என்றார். சரிவில் வேண்டாம், கோயில் பக்கத்துச் சிமெண்டு மைதானத்துக்குக் கொண்டுபோவோம் என்று சொல்லியிருக்கிறேன்.